ட்ரில்லில் அரைத்த பார்லி

மச்சாள்,

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் பின்வளவில் மரத்தளம் அடிக்கத் தொடங்கினார். பனி கரைந்து நிலம் கொஞ்சம் காய்ந்தால் போதும், கர்க்லாண்டில் இருக்கிற ஆண்கள் எல்லாருக்கும் ஒரு விசர் பிடித்துவிடும், உனக்குத் தெரியாததா? நான் சமையலறை யன்னலைத் திறந்து வைத்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவருடைய பற்றறி ட்ரில் முதலில் கீச்சென்று கத்தியது. பிறகு குரல் இறங்கி, இன்னும் இறங்கி, கடைசியில் வயிற்றுக்குத்து வந்தவன் போல முனகி நின்றுவிட்டது. அவர் பிரெஞ்சில் ஏதோ தூஷணம் சொன்னார். நானோ கையில் கத்தியோடு யன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "தானியத்தைக் கொட்டாதேங்கோ, முதல் சுத்த விடுங்கோ!" என்று கத்திவிட்டேன். தமிழில்! அந்த மனுசன் ஒன்றும் விளங்காமல் "பொன்ஜூர்" என்று கையசைத்தார்.

யன்னலைச் சாத்திவிட்டுச் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க அழுகை வந்தது. பழியை வெங்காயத்தின் மேல் போட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீ போய் இது இரண்டாவது வசந்தம். உன் நினைவுத் திருப்பலி முடிந்து எல்லாரும் உன்னைப் பற்றிப் பேசினார்கள். பக்தியானவள், கைப்பக்குவம் உள்ளவள், அமைதியானவள் என்றார்கள். அமைதியானவளாம்! எனக்கு வாய் துருதுருத்தது. அமைதியான மனுசியா என் கராஜ் கூரையில் பார்லியை ஒட்ட வைத்தவள்? என் அண்ணையைக் கட்டி எனக்கு மச்சாள் ஆவதற்கு முன்பே நீ பள்ளிக்கூடத்தில் என் வாங்கில் இருந்தவள். உன் அமைதி எனக்குத் தெரியும். அன்றைக்குச் சாமியாருக்கு முன்னால் சொல்லக் கூசி விழுங்கிய கதையை இப்போது உனக்கே சொல்லுகிறேன், கேள்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, அந்த வருடத்துக் கோடை. உன் மகளுக்கும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து லொங்குய்ய்ப் பொடியனுக்கும் ஐப்பசியில் கலியாணம் என்று நாள் குறித்து, கோயிலிலும் மண்டபத்திலும் சொல்லி வைத்திருந்தீர்கள். பொடியனின் தாய் ஜினெத் முதல் தரம் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருந்த உங்கள் வீட்டுக்கு வந்தாள். நீ கணவாய்க் கறியும் இறால் பொரியலும் புட்டும் சொதியும் என்று மேசையை நிரப்பிவிட்டாய். அவள் உறைப்புத் தாங்காமல் கண்ணீர் வடிய வடிய, ஒன்றையும் ஒதுக்காமல் சாப்பிட்டாள். ஆனால் பேச்சுத்தான் இல்லை. நீ "பொன்ஜூர்" சொன்னாய், "மேர்சி" சொன்னாய், பிறகு சிரித்தாய். அவளும் சிரித்தாள். அண்ணை காலநிலையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொல்லிவிட்டுப் புட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். உன் மகள் அங்கும் இங்கும் மொழிபெயர்த்து மொழிபெயர்த்து, தன் சாப்பாட்டுக் கோப்பையில் இருந்ததைத் தொடக்கூட இல்லை.

நான் ஒரு பக்கம் இருந்து ஜினெத்தோடு கதைத்துப் பார்த்தேன். எனக்குப் பிரெஞ்சு நன்றாக வரும். ஆனால் அது வருடக்கணக்காகக் கர்தெரி என்கிற குழந்தைக் காப்பகத்தில் பிள்ளைகளோடு கதைத்துப் பழகிய பிரெஞ்சு. கை கழுவினாயா, மூக்கைத் துடை, பகிர்ந்து விளையாடு. வருங்காலச் சம்பந்தியிடம் அதற்கு மேல் என்னத்தைச் சொல்வது?

அடுத்த கிழமை உன் மகள் படிக்கட்டில் குந்தியிருந்து அழுதது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

"அம்மா, கலியாணத்துக்கு ஜினெத் ஒரு வருசம் பொறுக்கச் சொல்லுறா."

"ஏனாம்?"

"அந்த வீட்டில நான் சுவரில கொழுவின படம் மாதிரி இருந்தன் எண்டு சொன்னவவாம். மகனும் கலியாணம் முடிச்சு அங்க போயிட்டா, தான் கடைசி மட்டும் படம்தானாம்."

அண்ணைக்கு மூக்குமேல் கோபம். எங்களை வேண்டாமென்றால் நேரே சொல்லட்டும் என்று குதித்தார். ஒரு வருடம் என்றால் ஒரு வருடத்தோடு நிற்காது, இது கைநழுவிப் போகப் போகிறது என்று எனக்கும் பயம்தான். நீ மட்டும் மகளின் தலையைத் தடவிக்கொண்டு சொன்னாய்: "பாவமடி அவ. புருசனும் இல்லை, ஒரே பொடியன். நானெண்டாலும் பயந்திருப்பன்." பிறகு கேட்டாய்: "அவவுக்கு என்ன விருப்பம்? பொழுது போக என்ன செய்யிறவ?"

"பியர் காய்ச்சுறவ," என்றாள் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அவவும் புருசனும் சேர்ந்து நிலவறையில காய்ச்சினவையாம். இப்ப தனியக் காய்ச்சுறா."

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக எனக்குத் தொலைபேசி.

"எடியே, நாங்கள் பியர் காய்ச்சுவம்."

"உனக்கென்ன, கழண்டு போச்சே? நீ பியர் குடிச்சிருக்கிறியா?"

"இல்லை."

"மணந்தாவது பாத்திருக்கிறியா?"

"உன்ரை அண்ணையில."

உன் திட்டத்தைக் கேட்டதும் எனக்கே உற்சாகம் பொத்துக்கொண்டு வந்தது. ஆவணியில் மாதா திருநாள் பூசை முடிந்து உங்கள் வீட்டில் சாப்பாடு. அதற்கு ஜினெத்தை அழைப்பது. அவள் மேசையில் இருந்ததும், நீயே காய்ச்சிய பியரை அவள் கையில் கொடுப்பது. "சொல்லத் தெரியாட்டி செய்து காட்டோணும்" என்றாய். மகளுக்குத் தெரியக் கூடாது, அண்ணைக்குத் தெரியவே கூடாது. ஆகவே வேலை என் கராஜில். என்னவர் வேலைக்குப் போன பிறகு.

பியர் சாமான் விற்கிற கடைக்குப் போனோமே, ஞாபகமா? தாடிக்காரன் ஒருவன் முளைவிட வைத்து உலர்த்திய பார்லியை எங்களுக்கு நிறுத்துவிட்டு, அரைத்துத் தரவா என்று கேட்டான். இலவசமாகத்தான். நான் ஓம் என்று தலையாட்டப் போக, நீ என் கையில் நுள்ளினாய். "அரைச்சதை வேண்டுற பழக்கம் எங்களிட்ட இல்லை எண்டு சொல்லு." கடைத் தூள் வீட்டுக்குள் வரக் கூடாது என்று வருடா வருடம் கோடையில் மிளகாயும் மல்லியும் வறுத்து இரண்டு தெருவையும் இருமப் பண்ணுகிறவள் நீ. அரைத்து விற்கிறதில் என்னத்தைக் கலந்திருப்பார்களோ என்ற சந்தேகம் உன் இரத்தத்தில் ஊறினது. அதையெல்லாம் அவனுக்கு எப்படி விளக்குவது? "இவவுக்குத் தானே செய்ய வேண்டுமாம்" என்று என் பிரெஞ்சில் சொன்னேன். கர்தெரியில் சப்பாத்துப் போட அடம்பிடிக்கிற பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிற அதே வசனம். அவன் உன்னைப் பார்த்துப் பாசமாகச் சிரித்தான். அரைக்கிற மெஷின் ஒன்றும் எங்களோடு வீடு வந்தது.

இரண்டு இரும்பு உருளை, மேலே தானியம் கொட்டுகிற புனல், பக்கத்தில் ஒரு கைபிடி. அவ்வளவுதான் மெஷின். வாளியின் மேல் வைத்துக் கைபிடியைச் சுழற்றினால் உருளைகளுக்கு நடுவே தானியம் உடைந்து கீழே விழும். நீ கொஞ்சம் சுழற்றினாய். உன் முகம் சுருங்கியதைக் கண்டேன். பொதி கட்டுகிற தொழிற்சாலையில் அத்தனை வருடம் நின்று கெட்டுப்போன தோள் உனக்கு. நான் வாங்கிச் சுழற்றினேன். வேர்த்து ஊற்றியதுதான் மிச்சம், வாளியின் அடி இன்னும் தெரிந்துகொண்டிருந்தது. சாக்கு அப்படியே நிறைமாதக்காரிபோல் குந்திக்கொண்டிருந்தது.

அப்போதுதான் என் கண் சுவர்த் தட்டுக்குப் போனது. என்னவருடைய ட்ரில்! பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தது. வயர் இல்லை, பற்றறியில் ஓடும். அதைத் துணியில் சுற்றி வைத்திருப்பார், ஒரு படம் கொழுவுவதற்குக்கூட அவரிடம் விண்ணப்பம் போட வேண்டும். நான் அதைப் பார்த்தேன். நீயும் அதைப் பார்த்தாய். பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"கைபிடியைக் கழட்டு," என்றாய் நீ.

கைபிடியைக் கழற்றினால் உள்ளே ஒரு இரும்புத் தண்டு. ட்ரில்லின் வாயைத் திறந்து அந்தத் தண்டைக் கவ்வக் கொடுத்து இறுக்கினோம். அளவாக, அப்படியே பொருந்தியது! நான் துள்ளினேன். நீ புனல் நிறையப் பார்லியைக் கொட்டினாய், ட்ரில்லை இரண்டு கையாலும் பிடித்தாய், சிலுவை போட்டுக்கொண்டாய், விசையை அடிமட்டும் அழுத்தினாய்.

உருளை அசையவில்லை. நிறைந்த தானியம் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. உருளைக்குப் பதிலாக முழு மெஷினும் வாளியை விட்டுக் கிளம்பி ட்ரில்லைச் சுற்றிச் சுழன்றது! உன் மணிக்கட்டு முறுகியது. பார்லி கூரை வரைக்கும் போய், கார் மேலும் உன் தலை மேலும் என் சட்டைக் கழுத்துக்குள்ளும் கொட்டியது. நீ விசையை விடவும் மறந்து "ஆறேத்! ஆறேத்!" என்று ட்ரில்லைப் பார்த்துக் கத்தினாய். நிறுத்து, நிறுத்து என்று, பிரெஞ்சில். நான் நிலத்தில் விழுந்து சிரித்தேன். மெஷினோடு ஏன் பிரெஞ்சில் கதைக்கிறாய் என்று கேட்டதற்கு, "தொழிற்சாலையில அப்பிடித்தானே கதைச்சனாங்கள்" என்றாய் கோபத்தோடு. அந்தப் பதிலின் பெறுமதி அப்போது எனக்கு விளங்கவில்லை.

பிறகு பிடி பிடிபட்டது. மெஷினைப் பலகையில் வைத்துக் கவ்வியால் இறுக்கினோம். ட்ரில்லை மெதுவான வேகத்துக்கு மாற்றினோம். முதலில் வெறும் உருளையைச் சுற்ற விட்டு, அது சுற்றத் தொடங்கிய பிறகுதான் தானியத்தைக் கொட்ட வேண்டும். நீ விசை, நான் புனல். மச்சாள், அது ஓடின ஓட்டம்! சரசரவென்று பார்லி இறங்க இறங்க, வாளிக்குள் மழை பெய்கிற மாதிரிச் சத்தம். கைபிடியோடு அவ்வளவு நேரம் மாரடித்ததை ட்ரில் நான் மூக்கைச் சொறிவதற்குள் முடித்துவிட்டது. "ஆங்கோர்!" என்று நீ கத்த நான் கொட்டினேன். இன்னும், இன்னும். எங்களுக்கு அப்போது வயது என்ன என்று யாராவது கேட்டிருந்தால் பத்து என்று சொல்லியிருப்போம்.

அதோடு நிறுத்தியிருந்தால் நாங்கள் வேறு யாரோ.

நீ வாளிக்குள் கையை விட்டு அள்ளினாய். தானியம் இரண்டு மூன்றாக உடைந்திருந்தது, உமி கழன்று முழுசாகக் கிடந்தது. உன் முகம் கோணியது.

"உதென்னடி, குறுணலா? உதை அரைச்சதெண்டு ஆரும் சொல்லுவினமா? கோழிக்குப் போடலாம்."

எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. சம்பந்தி வீட்டாருக்குச் செய்கிற பண்டத்தை இப்படிக் கொரகொரவென்றா விடுவது? உருளைகளை நெருக்கினோம். இன்னொரு முறை அரைத்தோம். போதவில்லை. இன்னும் நெருக்கினோம். மூன்றாம் முறை ட்ரில்லின் குரல் இறங்கி முனகி நின்றது. என்னவருடைய மற்றப் பற்றறியைப் போட்டு அரைத்தோம். பிறகு நீ அரிதட்டை எடுத்தாய்! அரித்து, கப்பியைத் திரும்ப மெஷினில் கொட்டி, திரும்ப அரித்து, கடைசியில் மிஞ்சிய உமி எல்லாவற்றையும் குப்பைப் பைக்குள் கொட்டிக் கட்டினோம். வாளியில் இருந்தது மா. இரு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தாய். "பாரன், இடியப்பம் பிழியலாம்," என்று பெருமையாக என் மூக்கில் ஒரு பொட்டு வைத்தாய். எங்கள் ஊர்ப் பெண்களில் யார் வந்து பார்த்திருந்தாலும் அந்த மாவைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள்.

அடுத்தது அதைச் சுடுதண்ணீரில் ஊற விட வேண்டும். அடியில் குழாய் வைத்த, சூட்டையும் ஆற விடாத குளிர்ப்பெட்டி ஒன்றை அதற்கென்றே கடைக்காரன் தந்திருந்தான். கொஞ்ச நேரம் ஊறியதும் குழாயைத் திறந்தால் இனிப்புச் சாறு ஓடி வருமாம், அதைக் காய்ச்ச வேண்டுமாம். மாவைப் போட்டோம், தண்ணீரை ஊற்றினோம், மூடினோம். கராஜ் முழுக்க அந்த வாசம், புதுப் பாண் வாசமும் பால் வாசமும் கலந்தது. நீ மூடியைத் திறந்து திறந்து முகர்ந்து பார்த்தாய். நேரம் வந்தது. நீ குனிந்து குழாயைத் திறந்தாய்.

ஒரு துளி வந்தது. பிறகு ஒன்றுமில்லை.

மூடியைத் திறந்து அகப்பையை விட்டால் அகப்பை நிமிர்ந்து நின்றது. களி! உழுத்தங்களி கிண்டுகிறவள் கிண்டியது போல, கட்டியே இல்லாத அருமையான களி. ஊதிப் பார்த்தோம், குச்சியால் குத்திப் பார்த்தோம், பெட்டியைச் சரித்துக் குலுக்கினோம். குழாய் அசையவில்லை. மாதா திருநாளுக்கு இனிமேல் திரும்பக் காய்ச்சிப் புளிக்க வைத்துப் போத்தலில் அடைக்கக் காலம் மட்டுமட்டு. நீ தலைகீழாய்க் கவிழ்த்த வாளியில் குந்தினாய். முகத்தில் மா. அன்றைக்குத்தான் முதல் தரம் உன் வாயில் இருந்து அது வந்தது.

"அவ பிள்ளையைத் தர மாட்டா போல இருக்கு மச்சாள். என்ரை பிள்ளை அழப் போகுது."

நான் கடைக்காரனைக் கூப்பிடுவோம் என்றேன். நீ தலையை நிமிர்த்தினாய். என் தொலைபேசியை எடுத்தாய். மகள் எழுதித் தந்திருந்த லொங்குய்ய் இலக்கத்தை அமத்தினாய். நான் பதறிப்போய், தா, நான் கதைக்கிறேன் என்று கையை நீட்ட, "நீ வாயைப் பொத்திக்கொண்டு இரு" என்றாய்.

"ஜினெத்? பொன்ஜூர். பியேர். மெஷின் போன். பியேர் ஸா மார்ஷ் பா."

மெஷின் நல்லது, பியர் வேலை செய்யவில்லை. அடுத்த பக்கம் ஏதோ நீளமாகக் கேட்டது. நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். பிறகு சொன்னாய்: "புளோக்கே." அடைத்துவிட்டது. மறுபடி ஏதோ கேள்வி. "வீத். வியென்." கெதியாக, உடனே வா. பிறகு என் தெருப் பெயரும் வீட்டு இலக்கமும். அவ்வளவுதான். மரியாதைச் சொல்லும் இல்லை, காலமும் இல்லை, வேற்றுமையும் இல்லை. தொழிற்சாலையில் மெஷின் நின்றுவிட்டால் மேற்பார்வையாளனைக் கூப்பிடுகிற பிரெஞ்சு. வருங்காலச் சம்பந்தியை இப்படியா அதட்டுவது என்று நான் தலையில் கை வைத்தேன்.

ஜினெத் வந்தாள். ஆற்றைத் தாண்டி, நகரத்தின் நெரிசல் எல்லாவற்றையும் தாண்டி, வீட்டுச் செருப்போடு வந்து இறங்கினாள். கையில் ஒரு பை. கராஜ் வாசலில் நின்று மா பூசிய உன்னைப் பார்த்தாள், கூரையில் ஒட்டியிருந்த பார்லியைப் பார்த்தாள், மெஷினைக் கவ்விக்கொண்டிருந்த ட்ரில்லைப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பா திகைப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. பெட்டிக்குள் விரலை விட்டு எடுத்து இரு விரலாலும் தேய்த்தாள், நீ தேய்த்த மாதிரியே. "மா!" என்றாள் பிரெஞ்சில். ஏதோ பெரிய பாவத்தைக் கண்டவள் மாதிரி.

பிறகு தான் கொண்டுவந்த பையைப் பிரித்தாள். நீ எட்டிப் பார்த்தாய். அன்றைக்கு நீ போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

"எடியே, உமியடி! நெல்லு உமி!"

ஓம், உமிதான். அடுப்பெரிக்கவும் பல் விளக்கவும் தவிர எதற்கும் ஆகாது என்று நாங்கள் ஊதித் தள்ளுகிற உமியைக் கழுவி உலர்த்திப் பையில் அடைத்துப் பியர்க் கடையில் விற்கிறார்களாம். இப்படிக் களியாக இறுகினால் உமியைக் கலக்க வேண்டுமாம். உமிகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளியால் சாறு வடியுமாம். அதற்காகத்தான் பார்லியை உடைக்க மட்டும் வேண்டும், உமியைக் காப்பாற்ற வேண்டும் என்று அவள் கையாலே காட்டினாள். பார்லியின் உமி எங்கே என்று கேட்டாள். நீ மெல்ல எழும்பிப் போய்க் குப்பைப் பையைக் கொண்டுவந்து அவிழ்த்துக் காட்டினாய். ஜினெத் எட்டிப் பார்த்தாள். அரிதட்டைப் பார்த்தாள். உன்னைப் பார்த்தாள். பிறகு காரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தாள். நீயும் தொடங்கிவிட்டாய். நான் எப்போதோ தொடங்கியிருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் ஒரு ஓரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்று பார்த்தேன். எனக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று உனக்குத் தெரியும். ஆனால் குறுக்கே போக ஒரு இடமும் இருக்கவில்லை. அவள் உமியைக் கொட்ட நீ கிண்டினாய். "தூஸ்மோ" என்றாள் அவள், மெல்ல என்று. உனக்கு அது தெரியும். "ஆங்கோர்" என்றாய் நீ. "ஸ்தொப்" என்றாள் அவள். உன்னிடம் இருந்த பிரெஞ்சு முழுவதும் மெஷின்களிடம் இருந்து படித்தது. சாப்பாட்டு மேசையில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. இங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருந்தது. நெல்லை எப்படிப் புடைப்பது என்று நீ ஒரு தட்டத்தை எடுத்துக் காட்டினாய். அந்தக் கையசைவைப் பார்த்து அவள் வாயைப் பிளந்தாள். நெல் விளைகிற இடத்துக்காரியை அவள் அதுவரை கண்டதில்லையாம்.

பிறகு ஜினெத் குழாயைத் திறக்கச் சொன்னாள். நீ திறந்தாய். ஒரு துளி. இன்னொரு துளி. பிறகு நூல் போல, பிறகு விரல் தடிப்பில், பொன்னிறத்தில் ஓடி வந்தது. "ஸா மார்ஷ்!" என்று கத்திக்கொண்டு நீ அவளைக் கட்டிப்பிடித்தாய். அவளுடைய கறுப்புச் சட்டை முழுக்க மா.

சாறு இறங்கிக்கொண்டிருக்க, சாக்கில் மிச்சம் இருந்த பார்லியையும் அவள் விடவில்லை. தன் சுகாதார அட்டையை எடுத்தாள், எல்லார் கைப்பையிலும் கிடக்கிற அந்தச் சூரியன் படம் போட்ட அட்டை. அதன் தடிப்புக்கு உருளைகளின் இடைவெளியை வைத்தாள். அவள் புனலைப் பிடிக்க நீ ட்ரில்லைப் பிடித்தாய். அரைத்துக்கொண்டே, கலியாணத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டாள். நீ நாலு விரலைக் காட்டி, நூறு என்பதற்குப் பிரெஞ்சுச் சொல்லையும் சொன்னாய். அவள் நாற்பதா என்று கேட்டாள். இல்லை, நாலுநூறு. புனல் அவள் கையிலேயே சாய்ந்துவிட்டது. பிறகு ஐப்பசி வரைக்கும் விரல் மடித்து எண்ணினாள். உன்னைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, உனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னாள்: அப்படியென்றால் இப்போதே தொடங்க வேண்டும்.

நீ ட்ரில்லை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். "ஐப்பசி எண்டா சொன்னவ?"

"ஓமடி! ஐப்பசி!"

நீ அவள் பக்கம் திரும்பினாய். தோள்மூட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆங்கோர்," என்றாய். அவள் பார்லியைக் கொட்டினாள்.

என்னவர் வேலை முடிந்து வந்து கராஜ் கதவைத் திறந்ததும், தன் ட்ரில் வெள்ளையாய் மா பூசி நிற்பதையும், முன்பின் கதைத்தறியாத வெள்ளைக்கார மனுசி ஒருத்தி அதற்கு ஈரத்துணியால் முகம் துடைத்துக்கொண்டிருப்பதையும் கண்டு பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும்.

அந்தப் பியர் நன்றாக வரவில்லை, உண்மையைச் சொன்னால் என்ன? மாதா திருநாளன்று போத்தலைத் திறந்து ஊற்றினால் கஞ்சித் தண்ணீர் நிறம். நீ வாழ்நாளில் முதல் தரமாக ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, "பா போன்," என்றாய். நல்லாயில்லை. ஜினெத்தும் குடித்துவிட்டு அதையே சொன்னாள். அண்ணை மட்டும் மூன்று கிளாஸ் முடித்தார். உன் மகள் மொழிபெயர்ப்பதற்குத் தயாராக உங்கள் இருவருக்கும் நடுவே கதிரையை இழுத்துப் போட்டாள். நீ அவளை எழும்பிப் போய்ச் சாப்பிடச் சொன்னாய். அந்தப் பிள்ளை கோப்பையோடு தூரத்தில் இருந்து உங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே இரண்டாம் தரமும் புட்டுப் போட்டுச் சாப்பிட்டதை நான் பார்த்தேன். ஐப்பசியில் கலியாணம் நடந்தது. உங்கள் பியர் நாலுநூறு பேருக்கும் போதவில்லை. வீட்டு விருந்துக்குப் போதுமாயிருந்தது.

அதற்குப் பிறகு எத்தனை சனிக்கிழமைகள்! நீங்கள் இருவரும் லொங்குய்ய் நிலவறையில் அரைத்தீர்கள், காய்ச்சினீர்கள், சண்டை பிடித்தீர்கள். நீ கடைசி வரைக்கும் பியர் குடிக்கப் பழகவேயில்லை. அவள் கடைசி வரைக்கும் உறைப்புச் சாப்பிட்டு அழுதுகொண்டேயிருந்தாள். மெல்ல மெல்ல உன் பிரெஞ்சுக்குள் தமிழ் வந்து ஏறியது, அவளுடைய வாயிலும் ஏறியது. ஊத்து, காணும், கிண்டு, பாரன். எல்லாம் கட்டளைதான், ஒரு முழு வசனமும் கிடையாது. ஆனால் அதில் நீங்கள் பேரப்பிள்ளைகளைப் பற்றியும் செத்துப்போன அவள் புருசனைப் பற்றியும் என் அண்ணையின் பிடிவாதத்தைப் பற்றியும் மணிக்கணக்காகக் கதைத்தீர்கள். ஆஸ்பத்திரியில் உன் கடைசி நாட்களில் ஒரு தாதி உன் மகளிடம் கேட்டாள், உங்கள் தாயும் அந்த அம்மாவும் என்ன மொழி கதைக்கிறார்கள் என்று. உன் மகள் கட்டில் பக்கம் பார்த்துவிட்டுத் தெரியாது என்றாள்.

இப்போது ஜினெத் சனிக்கிழமைகளில் என்னைத்தான் கூப்பிடுகிறாள். நான் முதலில் என் நல்ல பிரெஞ்சில், இலக்கணம் பிசகாமல், உங்களுக்குச் சுகமா, சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். அவள் பதில் சொன்னாள், மரியாதையாக, சுருக்கமாக. பிறகு அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. சில கிழமை இப்படியே போனது. ஒரு நாள் அவளாகவே மெதுவாகக் கேட்டாள், உன்னை மாதிரிக் கதைக்க எனக்கு வராதா என்று. உன் பிரெஞ்சைப் பற்றி நான் எவ்வளவு பகிடி பண்ணியிருப்பேன்! அன்றைக்கு முதல் ஒவ்வொரு சனிக்கிழமையும் தொலைபேசியை எடுக்கும்போது வினைச்சொற்களின் வாலை வெட்டுகிறேன், மரியாதையை எடுத்து எறிகிறேன், நடுவே "பாரன்" என்று ஒன்றைச் செருகுகிறேன். பிழை விட்டால் அவள் திருத்துகிறாள், "அவ அப்பிடிச் சொல்ல மாட்டா" என்கிற அர்த்தத்தில். உன்னைப் போல வரவில்லை, மச்சாள். ஆனால் அவள் சிரிக்கிற அளவுக்கு வந்துவிட்டது.